எஞ்சின் புதுசு, பழி ரேடியேட்டருக்கு

லாரி கொதித்தால் முதல் திட்டு ரேடியேட்டருக்கு, அடுத்த திட்டு அதைப் பழுது பார்க்கிறவனுக்கு. திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் ரேடியேட்டர் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர் செய்த வேலைக்கெல்லாம் பேச்சு வாங்கும் அன்பர்களே, நீங்கள் எந்தக் கடையில், எந்த ஆபீசில் இருந்தாலும் நாமெல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்த உரிமையில் ஒரு லாரியின் கதையைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன். நடுநடுவே கொஞ்சம் பீற்றிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கேள்வி

ஒட்டன்சத்திரம் கந்தசாமிக்குச் சொத்து என்று இருப்பது ஒரே லாரி. அவர் ஓட்டுவார். பக்கத்தில் அவர் மனைவி பழனியம்மாள் உட்கார்ந்திருப்பார். கிளீனரும் அவர்தான், முதலாளியும் அவர்தான். மண்டியில் காய்கறி ஏற்றிக் குமுளி வழியாகக் கேரளா போகிற வண்டி. புகை கக்குகிறது என்று தங்கவேல் மேஸ்திரியிடம் விட்டு, பிஸ்டனிலிருந்து ஹெட் வரை முழு எஞ்சின் வேலையும் பார்த்து எடுத்தார்கள்.

எடுத்த பிறகு ஆரம்பித்தது வம்பு. சமவெளியில் சமத்தாக ஓடுகிற வண்டி, குமுளி ஏற்றத்தில் இரண்டு முறை கொதித்து நின்றுவிட்டது. தக்காளியெல்லாம் வெயிலில் கூழ். இன்னொரு தடவை வழியில் நின்றால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்று மண்டிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த லோடு போனால் அவர்களுக்குப் பிழைப்பே போனது. மேஸ்திரியோ, “என் எஞ்சின் தங்கம், ரேடியேட்டர்லதான் அடைப்பு” என்று என் கடைக்கு வழி காட்டிவிட்டார். பழனியம்மாள்தான் இறங்கி வந்து கேட்டார்:

“ஏனுங்கண்ணா, எஞ்சின் வேலைக்கு முன்னாடி ஒரு நாளும் கொதிக்காத வண்டிங்க. கையே வெக்காத ரேடியேட்டரு, எஞ்சினைப் பிரிச்சு மாட்டுனதும் எப்படிங்க கெட்டுப்போகும்?”

ரேடியேட்டர் நிரபராதி

கேள்வி நியாயமானதுதான். இருந்தாலும் என் கடமை என்று ஒன்று இருக்கிறதே. கழற்றினேன். மேல் தொட்டி, கீழ்த் தொட்டி இரண்டையும் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு அழுக்கெடுத்தேன். மேலே குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தால் கீழே அதே வேகத்தில் கொட்டியது. நான் சுத்தம் செய்த ரேடியேட்டரில் அடைப்பு என்று நிரூபிப்பவருக்குக் கடைச் சாவியையே கொடுத்துவிடுவேன். இதை மேஸ்திரிக்குப் போன் போட்டும் சொன்னேன், கோளாறு எஞ்சின் பக்கம்தான் என்றும் சொன்னேன்.

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். கடையில் அப்போது ரெட்டியார்சத்திரத்து டிராக்டர்காரர், பஸ் டிரைவர் என்று நல்ல கூட்டம். எஞ்சின் வேலையில் தங்கவேலை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது. அது எனக்குத் தெரியும், அதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

“ஏலே சவரி, ஒரு அடைப்பு எடுக்க ஏலல, அப்புறம் எதுக்குலே கடையைத் தொறந்து வச்சிருக்க?”

செங்கல் லோடு

எனக்கு ரத்தம் கொதித்தது. அதற்கு எந்த ரேடியேட்டரும் போதாது. “மேஸ்திரி, வாங்க சிறுமலைக்கு. லோடோட ஏத்திப் பாப்போம். குத்தம் யார் மேலன்னு மலையே சொல்லட்டும்” என்றேன். சரியென்றார்.

அதற்கு முன் மற்றவற்றையும் பார்த்துவிட்டேன். ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்ததில் குமிழி வரவில்லை, ஆகவே எஞ்சின் புகை தண்ணீரில் கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கட்டும் நல்லபடி. லோடுக்கு மணல் மூட்டை அடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மலைமேல் வீடு கட்டுகிற ஒருவரைப் பிடித்துச் செங்கல் லோடு பேசி முடித்துவிட்டார் பழனியம்மாள். நான் ஆச்சரியப்பட்டதற்கு அவர் சொன்னது:

“உங்க ரெண்டு பேரு சண்டைக்கு நாங்க சும்மா டீசல் ஊத்த முடியுங்களா?”

கீழே கை வைத்தேன்

கேபினில் நான்கு பேர். மேஸ்திரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏற்றம் தொடங்கியதும் டெம்பரேச்சர் முள் கிளம்பியது. பழனியம்மாள் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சில வளைவுகள் தாண்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட, கந்தசாமி ஓரங்கட்டினார்.

எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குதித்தேன். ரேடியேட்டரின் மேல் பக்கம் கை வைக்க முடியாத சூடு. கீழ்ப் பக்கம் குழந்தைக்கு ஊற்றுகிற வெந்நீர்ப் பதம். உள்ளே அடைப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் தண்ணீர் என் ரேடியேட்டருக்குள் போதுமான அளவு வரவே இல்லை. வேறெங்கே போகிறது? எஞ்சினுக்குத் தண்ணீர் தள்ளும் பம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் குழாய், சுடச்சுட, விறைத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பொறி தட்டியது. “மேஸ்திரி, தெர்மோஸ்டாட் வால்வு போட்டீங்களா?” என்று கேட்டேன். அவர் பெருமையாகவே சொன்னார்:

“நம்ம ஊரு வெயிலுக்கு அந்த வால்வு எதுக்குப்பா? தொழிலுக்கு வந்த நாளையிலேருந்து எல்லா வண்டிக்கும் அதைக் கழட்டித்தான் அனுப்புறேன். ஒருத்தன் வந்து ஏன்னு கேட்டதில்ல!”

குறுக்கு வழியை அடைத்தேன்

அவர் சொன்னது பொய்யில்லை. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் கதவுதான் அந்த வால்வு. பல பழைய வண்டிகளில் அதைக் கழற்றினால் ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த எஞ்சினில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ரேடியேட்டர் பக்கம் திறக்கும்போதே அந்தச் சின்னக் குழாயின் வாயை அது அடைக்கும். வால்வு இல்லாததால் தண்ணீரில் பெரும்பங்கு குறுக்கு வழியில் புகுந்து, ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

வண்டியை ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சின்னக் குழாயில் ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றி, கிரிப் பிளையரால் நசுக்கிப் பூட்டினேன். “இப்ப எடுங்க” என்றேன். அதே செங்கல், அதே ஏற்றம். முள் பாதிக்கு வந்தது, நின்றது. உச்சிவரை அங்கேயே நின்றது. நான் முள்ளைப் பார்த்ததைவிட மேஸ்திரியின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். ஒளிப்பானேன், எனக்கு அப்போது கேபினில் இடம் போதவில்லை, அப்படி நெஞ்சு விரிந்தது. மேலே டீக்கடையில் மேஸ்திரி கிளாஸைக் காலி செய்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“எஞ்சின் என்னுது. வால்வை நான்தான் மாட்டுவேன். நீ கையை வச்சேன்னா தெரியும் சேதி.”

குமுளியிலிருந்து

மாட்டினார், கச்சிதமாக மாட்டினார். மறுநாளே வண்டி முழுக்கத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. சிறுமலையில் ஜெயித்தது சரி, குமுளியில் நின்றுவிட்டால் இரண்டு பேரின் பிழைப்பு ரோட்டில் நிற்கும். சாப்பிடும்போதுகூடப் போனைத் தட்டுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். கடைசியில் மணி அடித்தது. பழனியம்மாள்:

“அண்ணா, மலை ஏறி மேல வந்துட்டமுங்க. முள்ளு பாதியிலேயே குந்தியிருக்குதுங்க. எங்க ஊட்டுக்காரரு இப்பத்தான் மூச்சு உட்டாருங்க!”

அன்றிலிருந்து எந்த லாரி கொதித்தாலும் யாரும் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு என் கடைக்கு வருவதில்லை, என்னைக் கழற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார்கள்.