நாச்சியாபுரத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்வி

சமூகப்பணி இறுதியாண்டில் ஒரு மருத்துவக் குழுவோடு ஒரு மாதம் வேலை பழக வேண்டும். தோழிகள் மதுரையிலேயே இடம் பிடித்துவிட்டார்கள். எனக்கு வாய்த்தது காரைக்குடி. போன ஜூலையில் மாட்டுத்தாவணியிலிருந்து காலை 5.40 பேருந்து, இரண்டேகால் மணி நேரம். அறை நாளுக்கு 450 ரூபாய். வேலை முடிந்தபின் என்னிடம் பேசியவர் பரோட்டாக் கடைக்காரர் மட்டும்தான். அதுவும் "சால்னாவா, குருமாவா?" என்றுதான்.

குழுவில் டாக்டர், நர்ஸ் மேரி அக்கா, கடைசியாக நான். நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். நாச்சியாபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் 35 நிமிடம், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கே சொக்கலிங்கம் ஐயா, அறுபத்திரண்டு வயது, மனைவி இல்லை, சர்க்கரை நோய். பெரிய வீடு. தம்பி குடும்பமும் இருந்தது, குழம்பு மணத்தது. "சாப்பாடு: குடும்பத்தோடு" என்று நானாகவே படிவத்தில் எழுதினேன். அதை நம்பி டாக்டர், சாப்பாட்டுக்குச் சற்று முன் போட்டுக்கொள்ள, மதியம் பன்னிரண்டரைக்கு இன்சுலின் எழுதினார்.

பத்தாம் நாள் மதியம் ஒரு மணிவாக்கில் போனால், ஐயா சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கிக் கிடந்தார். மேரி அக்கா குளுக்கோஸ் கொடுத்துவிட்டு, டாக்டருக்குப் போன் செய்ய வாசலுக்குப் போனார். ஐயா தெளிந்ததும் கேட்டேன்: "உள்ள சமைக்கிறாகளே, நீங்க சாப்பிடலையா?"

"அது தம்பி வீட்டு அடுப்பு, தாயி. எங்க சனங்கள்ல கல்யாணம் ஆயிட்டா ஒரே வீட்டுக்குள்ளயும் தனித்தனி சமையல்தான். சண்டையெல்லாம் இல்ல. எனக்கு மெஸ்ஸுலேருந்து வரும். ஒன்றரையும் ஆகும், ரெண்டும் ஆகும்."

மறுநாள் காலை குழுக் கூட்டம். சொன்னால் பயிற்சிச் சான்றிதழ் போகலாம். சொல்லாவிட்டால் பன்னிரண்டரைக்கு அடுத்த ஊசி. "கேக்காமலே எழுதிட்டேன் டாக்டர்" என்றேன். வள்ளென்று விழுந்தார். பிறகு, சாப்பாடு கைக்கு வந்தபின் போடும் ஊசியாக மாற்றினார்.

பயிற்சிக்கு வருகிறவர்களே, வீட்டில் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாதீர்கள். யார் சமைத்துத் தருகிறார்கள், எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். தப்பு செய்திருந்தால் குழுவில் உடனே சொல்லிவிடுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

கடைசி நாள் விடைபெறப் போனேன். 1.35க்குப் பொட்டலம் வந்தது, ஐயா ஊசி போட்டுக்கொண்டார். "இருந்துட்டுப் போங்க தாயி. எதுக்க ஒரு ஆள் இருக்கச் சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

1.50 பேருந்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். நானும் இந்த ஒரு மாதம் தனியாகத்தான் சாப்பிட்டேன் என்றேன். உடனே பாதிச் சோற்றை இலையோடு கிழித்து என் பக்கம் தள்ளினார்.

"ஊசி போட்டாச்சுங்கய்யா. முழுசும் நீங்கதான் சாப்பிடணும்" என்று திருப்பித் தள்ளினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.