அத்தானின் துவக்கும் என் கவிதையும்

சண்டை தொடங்குமுன்பே யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த என் அத்தானுக்கு, தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் வைத்து வீரம் வந்தது. லைசென்ஸ் எடுத்து, பழங்காலத் துவக்கு ஒன்றின் புது நகலை வாங்கினார். வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் கடதாசியில் சுற்றி உள்ளே தள்ளிச் சுட வேண்டும். புகைதான் வந்தது, இலக்கில் ஒரு துளைகூட இல்லை. கடதாசி சரியாக எரியாமல் குழலுக்குள் ஒட்டிக்கொள்வதுதான் குற்றமாம், இவருடைய கண்ணும் கையும் அல்ல. வீட்டிலிருந்த கடதாசி எல்லாவற்றையும் கிழித்துச் சுற்றினார், கோயில் நோட்டீஸ் உட்பட. நான் வாராவாரம் கவிதை எழுதிய இலவசத் தமிழ்ப் பத்திரிகையும் தப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல இலக்கைத் தவறவிட்டும், முகமெல்லாம் கரியோடு பூரித்துப்போய் என்னிடம் திரும்பினார்.

“மச்சான், உம்மட கவிதைப் பக்கம்தான் திறம். குழல் துப்பரவாக் கிடக்கு. ஒரு எழுத்தும் மிஞ்சேல்லை.”