பதினோராம் இடத்தில் கிடந்த பின்

காலை வேளையில் வெண்டல் யாரிடமும் பேசமாட்டார். எல்க் மலை அடிவாரத்து ட்ரெய்லர் முகாமுக்குக் கோடைதோறும் வருகிறவர்களுக்கு இது தெரியும். "கிழவனுக்குச் சாயங்காலம்தான் நாக்கு மொளைக்கும்" என்று சிரித்துக்கொள்வார்கள்.

முகாம் பொறுப்பாளர் என்றதும் ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். கழிவறை கழுவ வேண்டும், குப்பை அள்ள வேண்டும், பத்து மணிக்கு மேல் பாட்டுப் போடுகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு, எண் போட்ட இடங்களில் முதலாவதில் தன் பழைய ட்ரெய்லரைச் சும்மா நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு முன் ராலின்ஸ் ஊர்ப் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம், வண்டியோடு ட்ரெய்லரைப் பிணைக்கிற ஹிட்ச் பொருத்தியவர் அவர். வண்டி நிற்கிற நிற்பைப் பார்த்தே பாரம் எந்தச் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

ட்ரெய்லர் இழுப்பவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் வண்டியோடு ட்ரெய்லரை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவரிடம் பேசக் கூடாது. வண்டியின் பின்னால் இருக்கிற இரும்புக் குண்டின் மேல் ட்ரெய்லரின் மூக்கை இறக்கிப் பூட்ட வேண்டும், இருபுறமும் இரும்புத் தண்டுகளைச் செருக வேண்டும், அவற்றின் சங்கிலிகளை இழுத்து மாட்ட வேண்டும், மாட்டியது அவிழாமல் இரும்புப் பின் ஒன்றைக் குத்த வேண்டும். நடுவில் யாராவது "சௌக்கியமா" என்று கேட்டால் ஒன்று விட்டுப்போகும். எது விட்டுப்போனது என்று சாலையில்தான் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு இந்தச் சட்டத்தை மீறியவர் வேறு யாருமல்ல, வெண்டல்தான்.

பதினோராம் இடத்தில் மெர்வினும் அவர் மனைவி லொரேட்டாவும் இரண்டு வாரம் தங்கியிருந்தார்கள். மெர்வின் நல்ல வாயாடி; வெண்டலுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கிளம்புகிற காலையில் பிரிய மனசில்லாமல் கோப்பையோடு போய் நின்றார். மெர்வின் குனிந்து இடப்பக்கச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"காப்பி குடிக்கிறியா மெர்வின்?"

அவ்வளவுதான் கேட்டார். மெர்வின் நிமிர்ந்தார், வாங்கினார், பாதி குடித்தார், ஒரு கதை சொன்னார், கோப்பையை, ட்ரெய்லருக்கு மின்சாரம் தருகிற இடுப்பளவுக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். வெண்டல் கோப்பையை எடுக்கப் போனபோது அது இன்னும் சூடாக இருந்தது. அதற்கு நேர் கீழே, சரளைக்கல்லில், ஒரு பின் கிடந்தது.

துரத்திப் போயிருக்கலாம். பத்தே நிமிஷத்தில் பிடித்திருக்கலாம். 'வழியில் எங்கேயாவது நின்று பார்த்துக்கொள்வான்' என்று வெண்டல் நினைத்தார். போய்க் கோப்பையைக் கழுவினார். இருபத்திரண்டு மைல் தள்ளி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து பாய்ந்து ஏறும் வளைவில், மெர்வினின் ட்ரெய்லர் நாய் வாலைப்போல ஆடி, வண்டியையும் புரட்டிப் போட்டது. மெர்வினும் லொரேட்டாவும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். இடப்பக்கத் தண்டு இரண்டு மைலுக்கு முன்னாலேயே சாலையில் விழுந்து கிடந்ததாக ரோந்து போலீஸ்காரர் சொன்னார்.

அன்றிலிருந்து அந்தப் பின் வெண்டலின் சட்டைப் பையில் இருக்கிறது. பதினோராம் இடத்தை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. பாம்பு இருக்கிறது என்பார். ஆளில்லாத அந்த இடத்திலிருந்து விடிகாலையில் சங்கிலி குலுங்கும் சத்தம் அவருக்குக் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது.

இந்தச் செப்டம்பர் விடுமுறையில் முகாம் நிரம்பி வழிந்தது. வெண்டல் குப்பை கொட்டப் போயிருந்த நேரம் பார்த்து, முகாம் முதலாளி பதினோராம் இடத்தை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். டால்ட்டன் என்ற இளைஞன், அவன் மனைவி ஷெல்பி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், புத்தம்புதிய ட்ரெய்லர். வெண்டல் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்து, டால்ட்டன் இடம் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் விழவில்லை. மர உச்சியில் விழுந்தது. 'காலையில் சரிபார்த்துக்கொள்வான்' என்று வெண்டல் தன் ட்ரெய்லருக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் டால்ட்டன் மாட்ட ஆரம்பித்தான். ஓடைக்கரைப் புல் அப்போதே காற்றில் படுத்துவிட்டிருந்தது. மதியத்துக்கு மேல் காற்று அறுபது மைலைத் தொடும் என்று வானொலி சொல்லியிருந்தது. வெண்டல் குப்பைவண்டியைப் பிடித்தபடி இருபதடி தள்ளி நின்றார். தண்டுகள் தளர்ந்து கிடப்பது அங்கிருந்தே தெரிந்தது. வண்டியின் பின்புறம் தரையைத் தொடுகிற மாதிரி அமுங்கி, முன்புறம் வானத்தைப் பார்த்தது. பேசு, பேசு என்றது மனசு. வாய் திறக்கவில்லை. கையில் அந்தப் பின்னை இறுக்கிக்கொண்டார்.

டால்ட்டன் முடித்து, குழந்தைகளை ஏற்றி, வண்டியைக் கிளப்பினான். வெண்டல் ஓடிப்போய் நடுவழியில் நின்றார்.

"என்ன பெரியவரே, வழிய மறிச்சிட்டு? எதாவது விட்டுட்டமா?"

"எறங்கு தம்பி. எல்லாத்தையும் கழட்டு."

"வெளையாடுறீங்களா? காத்து ஏறுறதுக்குள்ள ராலின்ஸத் தாண்டணும்."

"காத்து அறுபதுக்கு வரணும்னே இல்ல. ஒன் வண்டி நாப்பதுலயே கவுந்துரும்."

"கடைக்காரங்க பொருத்திக் குடுத்தது இது. புதுசு!"

"கடையில காலி ட்ரெய்லருக்குப் பொருத்தியிருப்பாங்க. நீ வீட்டையே காலி பண்ணி ஏத்தி வச்சிருக்க. நேத்து ஒன் லைட்டு மரத்து உச்சியில என்ன காக்கா கூட்டையா தேடுச்சு?"

உள்ளிருந்து ஷெல்பி சிரித்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல, வண்டி மூக்கத் தூக்கிட்டு நிக்குது, ஒங்க அம்மா மாதிரின்னு."

டால்ட்டன் முறைத்தபடி இறங்கினான்.

வெண்டல் டேப்பை எடுத்து, தரையிலிருந்து முன்சக்கரத்தின் மேல் மட்கார்டு வரை அளந்தார்: முப்பத்தொன்பதரை அங்குலம். ட்ரெய்லரைக் கழற்றி, வண்டியை மட்டும் நிறுத்தி அளந்தார்: முப்பத்தெட்டு.

"பாத்தியா? ட்ரெய்லரு பின்னாடி அமுக்குது, முன்சக்கரம் தரைய விடுது. அப்புறம் நீ ஸ்டியரிங்க எந்தப் பக்கம் திருப்பி என்ன? இந்தத் தண்டு ரெண்டும் பாரத்தத் தூக்கி முன்னாடியும் கொஞ்சம், ட்ரெய்லர் சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரிச்சுக் குடுக்கணும். அதுக்குத்தான் இது."

மறுபடி பூட்டி, ஜாக்கியால் மூக்கையும் வண்டியின் பின்புறத்தையும் சேர்த்து உயர்த்தினார்கள். தண்டுகளின் பாரம் இளகியதும், ஏழாம் கண்ணியில் மாட்டியிருந்த சங்கிலிகளை இறுக்கி ஐந்தாம் கண்ணிக்கு மாற்றினார் வெண்டல். ஜாக்கியை இறக்கி அளந்தபோது முப்பத்தெட்டேகால் காட்டியது. வலப்பக்கப் பின்னைக் குத்தியாயிற்று. இடப்பக்கத்துக்குக் குனிந்தார்.

"ஐயா, காப்பி குடிக்கிறீங்களா?"

ஷெல்பி கோப்பையை நீட்டியபடி நின்றாள். வெண்டலின் முகம் செத்துவிட்டது.

"அந்தக் கம்பத்து மேல வச்சிட்டுப் போம்மா" என்றார். பிறகு, குத்திய பின்னை உருவினார். சங்கிலிகளை அவிழ்த்தார். குண்டின் பூட்டையும் திறந்தார்.

"இதெல்லாம் இப்பத்தானே பாத்தோம்?" என்றான் டால்ட்டன்.

"நடுவுல யாராச்சும் பேசிட்டா மொதல்லேர்ந்து. எப்பவும். புரியுதா?"

"யாரு சொன்னது?"

"நான் ஒருத்தன்கிட்ட சொல்லியிருக்கணும்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து மாட்டி, அவர்கள் போன பிறகு வெண்டல் பதினோராம் இடத்தில் மண்டியிட்டு, சரளையைக் கையால் துழாவினார். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை துழாவினார். அப்போதும் இல்லை. கம்பத்தின் மேல் காப்பி இன்னும் முழுசாக ஆறாமல் இருந்தது. பழக்கத்தில் கை கோப்பையை எடுத்தது, கால் குழாயை நோக்கி நடந்தது. பாதி வழியில் நின்றார். கோப்பையை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தன் வண்டிக்கு ஓடினார்.

எட்டாவது மைலில் அவர்களைப் பிடித்தார். முந்தவில்லை, பின்னாலேயே போனார். கண் ட்ரெய்லரின் வால்பக்கத்தை விட்டு அகலவில்லை. வளைவு வந்தது. காற்று மோதியது. ட்ரெய்லர் ஒரு முறை தோளைக் குலுக்கிவிட்டு, கோடு போட்டமாதிரி நேராகப் போயிற்று. வண்டி திரும்பியபோது தெரிந்த பக்கக் கண்ணாடியில் அந்தப் பெண் குழந்தைகளில் ஒன்று இவருக்குக் கை காட்டியதுபோல் இருந்தது.

வெண்டல் ஓரமாக நிறுத்தினார். ஆறு வருஷமாக இந்த வளைவுக்கு அவர் வந்ததில்லை. ராலின்ஸ் போவதற்குக்கூடச் சுற்றுவழிதான். கதவைக் காற்று தள்ள, தோள் கொடுத்துத் திறந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து பின்னை எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சாலைப் பக்கம் நீட்டினார்.

"மெர்வின், நில்லு. பின்னு கீழ கெடக்கு."

காற்றில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார்.