தம்பக மூடு கிட்டுமா?

போன வாரம் சுகுமாரன் போன் செய்தான். என் சித்தப்பா மகன். மஸ்கட்டில் பல வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது திருவட்டாறு பக்கம் சொந்த ஊரோடு இருக்கிறான்.

"அண்ணே, தம்பக மூடு ஒண்ணு எங்கயாவது கிட்டுமா? சின்னக் கன்னா இருந்தாலும் போதும்."

எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. போன வருடம் வரை அவன் வீட்டுக்குப் பின்னால் நின்றது என்ன, பூவரசா?

எங்கள் குடும்பத்துக் காவு அது, நாகருக்கு விட்ட காடு. ஐம்பது சென்ட் இருக்கும். நடுவில் நாகர் கற்கள், சுற்றிலும் காடு. யாரும் நட்டதல்ல... ஊர் வருவதற்கு முன்பே இருந்த காட்டின் மிச்சத் துண்டு. தொடை தடிமனில் கொடிகள், சூரல் பிரம்புப் புதர், மரத்தைப் பற்றி ஏறிய காட்டு நல்லமிளகு. எல்லாவற்றுக்கும் மேலே தம்பக மரம். எல்லா வருடமும் காய்க்காது. காய்த்தால், இறக்கை வைத்த விதைகள் சுற்றிச் சுற்றி இறங்கும்.

காவுக்கென்று சட்டம் உண்டு. உள்ளே இரும்பு போகக்கூடாது. உள்ளிருந்து சுள்ளிகூட வெளியே வரக்கூடாது. அந்திக்கு விளக்கு வைக்கப் போகிறவர், திரும்பும்போது எல்லையில் நின்று துணியை உதறிவிட்டு வரவேண்டும். ஓர் இலை ஒட்டிக்கொண்டு வந்தாலும் நாகர் பின்னாலேயே வந்துவிடுவார் என்று நம்பிக்கை.

விளக்கு வைத்தது சுகுமாரனின் அக்கா, சரசு. எங்கள் இருவருக்கும் மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அந்தக் காவை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

சுகுமாரனுக்கு, மகளுக்கு வீடு கட்ட இடம் வேண்டும். பிரசன்னம் வைத்தான். ஜோசியர் சோழி உருட்டிப் பார்த்து, நாகரை இடம் மாற்றலாம், அவருக்குச் சம்மதம்தான் என்றார். மரங்களுக்குச் சம்மதமா என்று கேட்கச் சோழியில் வழி இல்லை போலும். தந்திரி வந்து பூஜை செய்து, கற்களைப் பெயர்த்து, மதில் மூலையில் டைல்ஸ் பதித்த மேடையில் குடியமர்த்தினார். நானும் போயிருந்தேன். பாயசம் நன்றாகவே இருந்தது.

"சாமிக்கு எடம் குடுத்தாச்சு. மரத்துக்கு எங்கலே எடம் குடுப்ப?" என்று கேட்டாள் சரசு அக்கா.

"சாமி போனா பின்ன அது வெறும் மரம்தானக்கா," என்றான் அவன்.

தந்திரியின் கார் ரோட்டில் ஏறியதுதான் தாமதம், அக்கம்பக்கம் முழுக்க வெட்டுகத்தியோடு உள்ளே இறங்கியது. விறகு, சூரல், நல்லமிளகுக் கொடி... கையில் அகப்பட்டதெல்லாம் போனது. நேற்று வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே நடுங்கியவர்கள். அந்தக் காட்டின் மேல் யாருக்கும் பிரியம் இருந்ததில்லை — பயம்தான் இருந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. மறுநாள் ஜேசிபி வந்தது.

வீடு எழும்பியது. பால் காய்ச்சினார்கள். போன மாதம் சமையலறையில் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு நல்லபாம்பு. அதைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டபின், பாத்ரூமில் இன்னொன்று. கல்லை மாற்றினார்கள், சரி. பாம்புக்கு யார் சொல்வது? மகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனவள்தான். இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டாளாம்.

மறுபடி பிரசன்னம். அதே ஜோசியர், அதே சோழி. பரிகாரம் என்ன தெரியுமா? காவு உண்டாக்க வேண்டுமாம். பழைய காவில் நின்ற மரத்தையே வைக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் தக்கலை, மார்த்தாண்டம் என்று நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினோம்.

"தம்பகமா? அத ஆரு சார் வாங்குவா? நல்ல குரோட்டன்ஸ் இருக்கு, எடுக்கட்டா?" என்றார் ஒருவர்.

வெறுங்கையோடு திரும்பினோம். சுற்று வட்டாரத்தில் எங்கேயும் ஒரு கன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? உதறி உதறியே காத்த காடு அல்லவா? வெட்டுகத்தியோடு வந்தவர்களும் விறகைத்தான் பார்த்தார்கள். விதை யார் கண்ணிலும் படவில்லை.

சரசு அக்கா மேடையில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே புது வீடு பூட்டிக் கிடந்தது.

"அக்கா, ஒரு வித்துகூடவா மிஞ்சல?" என்றேன்.

திரியைத் தூண்டிவிட்டாள்.

"வெட்டுன ஆளெல்லாம் போனபொறவு அன்னைக்கி கடைசியா உள்ள போனேன் மக்கா. திரும்பி வரும்போ முந்தானையில ஒரு வித்து ஒட்டியிருந்துது. கையில எடுத்துப் பாத்தேன்."

"பின்ன?"

"எடுக்கப்பிடாதுல்லா? திரும்பிப் போயி உள்ளயே போட்டுட்டு வந்தேன்."

ஊரே திருடிய நாளில், அவள் ஒருத்தி திருடியிருக்கலாம்.