கிணற்றுக் கட்டில் இருந்த ஓட்டை

பதினொரு வருடங்கள் எனக்குப் பின்னாலேயே திரிந்த எங்கள் நாய் புள்ளி, வயது போய் சென்ற மாதம் இறந்துவிட்டது. அது குட்டியாக நீர்வேலி வீட்டுக்கு வந்த நாள்தான் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அன்று படலையைச் சாத்தி, வேலியில் இருந்த பொட்டுகளை ஓலையால் அடைத்துவிட்டுத்தான் குட்டியை வளவில் விட்டேன். கிணற்றுக்கு இடுப்பளவு கட்டு இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது தவளை ஒன்றைத் துரத்திய குட்டி, கட்டின் அடியில் பழைய குழாய் கழற்றிய ஓட்டைக்குள் நுழைந்தது. உடனே தண்ணீரில் 'தொபுக்' என்று சத்தம்.

எட்டிப் பார்த்தால் சின்னத் தலை மட்டும் தெரிந்தது. வாளியை இறக்கினேன். குட்டி அதைச் சுரண்டியதே தவிர, ஏற முடியவில்லை.

"அண்ணை, ஓடி வாங்கோ! குட்டி கிணத்துக்கை விழுந்திட்டுது!"

பக்கத்து வீட்டு அண்ணை வாழைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, கிணற்றுப் படிகளில் கால் வைத்து இறங்கினார்.

"உயிர் கிடக்கு பிள்ளை. வாளிக்கை வைச்சிட்டன், மெல்ல இழு!"

மேலே வந்த குட்டி என் மடியில் முகம் புதைத்து நடுங்கியது. அன்றே ஓட்டையைச் சீமெந்தால் அடைத்தோம்.

இந்த வாரம் மகள் புதுக் குட்டியொன்று கொண்டுவந்தாள். அதை இறக்கிவிடுமுன், நான் முழங்காலில் தவழ்ந்து வளவைச் சுற்றினேன்.

"அம்மா, என்ன செய்யிறியள்?" என்று மகள் சிரித்தாள்.

சாமான் அறைக் கதவின் கீழே, சரியாக என் மூக்குக்கு நேரே, எப்போதோ வைத்து மறந்த எலி மருந்து இருந்தது.