காதுக்குள் மட்டும் ஒலித்த கிடார்

எங்கள் அப்பாவுக்கு ஆகாத சத்தங்கள் நிறைய உண்டு. தட்டு விழுவது ஆகாது, கதவு அடித்துக்கொள்வது ஆகாது, அம்மா இருமுவதுகூட ஆகாது. எல்லாவற்றையும்விட ஆகாதது கிடார். கம்பம் ஏறுகிற லைன்மேன் வேலை அவருக்கு. ராத்திரி எங்காவது ஒயர் அறுந்து விழுந்தால் ஆட்கள் வந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். விடிந்து வந்து படுப்பார். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே பொழுது முழுக்க இரும்பைப் போட்டு அடிப்பார்கள். அந்த இரைச்சலில் குறட்டை விடுகிற மனுஷனுக்கு, நான் ஒரு கம்பியைத் தொட்டதும் முழிப்பு வந்துவிடும். எனக்கு வயிறு எரிந்தது அதில்தான்.

என் முதல் கிடார் மரக் கிடார். மெல்லிசைக் குழுவில் இருந்த ஒருவர் பம்பாய் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதை அப்பா கிணற்றுச் சுவரில் ஓங்கி அடித்து உடைத்தார். கழுத்து மட்டும் அவர் கையில் மிஞ்சியது. சும்மா கீழே போடுவானேன் என்று அதாலேயே என்னையும் நாலு சாத்தினார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முகத்தில் மீசை இருந்தது, டயர் கடையில் பில் போடுகிற வேலை இருந்தது, சட்டையைக் கழற்றினால் முதுகில் தடிப்பும் இருந்தது. கடையில் யாராவது கேட்டால் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்பேன். "எம்புட்டுத் தடவடா விழுவ? அந்தச் சைக்கிள வித்துத் தொல" என்பார் முதலாளி.

அம்மா மஞ்சளை அரைத்துப் பத்துப் போட்டபடியே அவருக்காக வக்காலத்து வாங்குவாள்.

"கோவம் வந்தா அவருக்குக் கண்ணு மண்ணு தெரியிறதில்லடா. என்ன செய்யிறோம்னு தெரியாமக் கைய நீட்டிர்றாரு. மனசுல ஒண்ணும் கெடையாது. கோவம் இருக்குற எடத்துலதேன் கொணம் இருக்கும்."

"அந்தக் கொணத்த ஒரு நாளைக்காச்சும் வெளிய எடுத்துக் காட்டச் சொல்லு."

அப்படி எரிந்து விழுந்தாலும், அவள் சொன்னதை நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? அதே கோபம் எனக்கும் இருந்ததே. நான் வாசிக்கப் போகிற மெல்லிசைக் குழுவின் ஒத்திகையில் தபேலாக்காரன் என் வாசிப்பைக் கட்டை வண்டி என்று சொன்னதற்கு, அவனைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் வைத்து அழுத்தியவன் நான். இரண்டு பேர் சேர்ந்துதான் என்னைப் பிய்த்து எடுத்தார்கள். என்ன செய்தேன் என்பதே பிறகுதான் உறைத்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மரக் கிடார் போனபின் ஒரு பழைய எலக்ட்ரிக் கிடாரைத் தேடிப் பிடித்தேன். அதில் ஒரு வசதி. சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு இணைக்காமல் வாசித்தால் கொசு கத்துகிற அளவுக்குக்கூடச் சத்தம் வராது. டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்கிற சிநேகிதன் எனக்கென்று ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்து, அதில் ஹெட்போன் சொருக ஒரு துளையும் வைத்துக் கொடுத்தான். "பக்கத்துல படுத்துருக்கவனுக்குக்கூடக் கேக்காது மாப்ள. ஒங்கப்பன் இல்ல, அவங்கப்பன் வந்தாலும் தெரியாது" என்றான்.

முதல் தடவை அதைக் காதில் மாட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறைச் சத்தம் இல்லை, வீட்டுச் சத்தம் இல்லை. நான் ஒரு கம்பியை இழுத்தால் மண்டை முழுக்க அது மட்டும்தான். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அந்த ஹெட்போனுக்குள்தான் இருந்தது.

பெட்டிக்குப் பிளக் கிடையாது. ஒயரின் இரண்டு முனைகளையும் சீவி, சுவர்த் துளையில் நுழைத்து, தீக்குச்சியால் இறுக்கிவிடுவேன். அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் அதுதான் வழக்கம். ஆனால் லைன்மேன் வீட்டில் அதைச் செய்வதற்குத் திமிர் வேண்டும். அப்பா இல்லாத நேரத்தில் மட்டும் எடுப்பேன். முடித்ததும் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அவர் ஹெட்போன் என்கிற வஸ்துவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

சித்திரைப் பொருட்காட்சி மேடையில் எங்கள் குழுவுக்கு ஒரு நாள் கிடைத்தது. அதுவரை பின்வரிசையில் நின்று தாளத்துக்குக் கம்பியை வருடிக்கொண்டிருந்தவன் நான். முன்னால் நின்று வாசிக்கிறவர் வேலை மாற்றலில் போய்விட, குழுவை நடத்துகிற அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம மேட. ஆரம்பமே ஒன் கிடாருதேன், ஒத்தையா. நல்லா வந்துச்சுன்னா அந்த எடம் நெரந்தரமா ஒனக்கு, டயர் கடைக்குக் கும்பிடு போட்ரலாம். சொதப்புனா திண்டுக்கல்காரனக் கூட்டியாந்துருவேன். அம்புட்டுத்தேன்."

இடது கை விரல் நாலும் எலி ஓடுவதுபோல ஓடினால்தான் அந்த ஆரம்ப இசை வரும். எனக்குச் சுண்டுவிரல் சண்டித்தனம் செய்தது. அதை வழிக்குக் கொண்டுவரப் பத்து நாள் இருந்தது.

அப்பாவின் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரண்டில் மாட்டியவனைக் கையால் தொடக்கூடாது, தொட்டால் தொட்டவனும் போவான். காய்ந்த கட்டையை எடுத்து, அவன் பிடித்திருக்கிற கையிலேயே அடித்துப் பிரிக்க வேண்டும். இது அவர்களுக்கு வேதம். அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் அப்படி மாட்டியபோது, லைனில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று அப்பா ஒரு நொடி நின்று பார்த்திருக்கிறார். அந்த நொடியில் அவர் கண்ணெதிரே அந்த ஆள் கருகிவிட்டார். அதற்குப் பிறகு, "யோசிச்சா ஆளு போயிருவான்" என்று எங்கள் தெருவில் கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடைக்கு முந்தின ஞாயிறு, அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கஷ்டமான இடம் வந்தால் வாய் பிளந்துகொள்ளும், தலை வெட்டும், முழங்கால் உதறும். அன்றைக்கு அந்தச் சுண்டுவிரல் முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. விடாமல் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். பின்கட்டில் கால் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தவர் என்ன பார்த்திருப்பார் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். சுவர்த் துளையில் தீக்குச்சியோடு ஒயர், ஒயரின் மறுபக்கம் மகன் மண்டை. மகன் கையில் கம்பி, விடாமல் பிடித்திருக்கிறான், வாய் பிளந்திருக்கிறது, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. மூன்று தடவை பெயர் சொல்லிக் கத்தியிருக்கிறார். எனக்கு எங்கே கேட்கும்? மெயின் சுவிட்ச் வாசல் பக்கம் இருந்தது. அடுப்புக்கு அடுக்கிய கருவேல விறகு அவர் காலடியில் கிடந்தது.

முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. காதுக்குள் கம்பிகள் எல்லாம் ஒன்றாக அலறின. வலி அப்புறம்தான் வந்தது. கண்ணைத் திறப்பதற்குள் இரண்டாவது அடி விரல்களின் மேல் விழுந்து, எலும்பு உடைவது கைக்குள்ளேயே தெரிந்தது. கிடார் தரையில் போய் விழுந்தது. ஹெட்போன் காதைக் கிழித்துக்கொண்டு போனது. எதிரில் அப்பா, கையில் விறகு. வழக்கம்போல அடிக்க வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? வலது கையால் அவர் தொண்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். ஒரு தடவை இல்லை, இன்னொரு தடவையும் மோதினேன்.

"இன்னைக்கு நீ செத்தடா" என்றேன். அப்பாவை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் திமிறவே இல்லை. விறகைக் கீழே போட்டுவிட்டு என் மார்பில் கையை வைத்துப் பார்த்தார். தொண்டை என் பிடியில் இருக்க, பின்கட்டிலிருந்து ஓடி வந்த அம்மாவைப் பார்த்து உடைந்து உடைந்து பேசினார்.

"பேசுறான்டி. உசுரு இருக்குடி. கரண்டு விட்ருச்சு."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் கையை எடுத்தேன். இவர் என்ன உளறுகிறார் என்று புரியவே எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, யார் அடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தேன் சார் அடிச்சேன். அடிக்கலேன்னா பொணமாத்தேன் தூக்கியாந்துருப்பேன்."

அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் அவரை மெச்சினார்கள். ஒரு பெரியவர், பெற்ற தகப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னிடமே சொன்னார். பற்களைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மோதிர விரலும் சுண்டுவிரலும் பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்தபின் குழு அண்ணன் பார்க்க வந்தார். திண்டுக்கல்காரரிடம் சொல்லிவிட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கரண்டு கதையை அப்பா ஆரம்பித்ததும் குறுக்கே பேசினார்.

"ஐயா, அந்த ஹெட்போன்ல ஆளக் கொல்ற கரண்டெல்லாம் வராதுங்கய்யா. பாட்டுத்தேன் வரும். இவன் வாசிச்சுக்கிட்டுல்ல இருந்துருக்கான்?"

அண்ணன் போனபின் அப்பா வாசல் கதவைச் சாத்தினார். பிறகு என் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தார்.

"அப்ப ஒனக்குக் கரண்டு அடிக்கலையா?"

"இல்ல."

"நான் அடிக்காம இருந்துருந்தா?"

"ஞாயித்துக்கெழம மேடையில வாசிச்சிருப்பேன்."

அவர் என் கட்டுப் போட்ட கையைத் தொட வந்து, தொடாமல் நிறுத்திக்கொண்டார். "யோசிக்காம அடிச்சுப்புட்டேன்டா."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அடிக்கிறதுக்கு நீங்க என்னைக்குப்பா யோசிச்சிருக்கீங்க?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் யோசிச்சுத்தானடா அடிச்சேன். எங்க அடிச்சா எலும்புல படாது, எம்புட்டு அடிச்சா வேலைக்குப் போக முடியும், எல்லாம் பாத்துப் பாத்துத்தேன் அடிப்பேன். இந்த ஒரு தடவதேன் யோசிக்கல."

என்னைத் தேற்றுவதற்காகத்தான் அவர் அதைச் சொன்னார். அடுப்படியில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே விளாங்குடியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா முதுகைக் காட்டிப் படுத்திருந்தார், தூங்கவில்லை. அம்மா என் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தாள். பஸ் வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்றாள், அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.