தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழாய்

முதலில் கொலுசுதான் சொன்னது. ஒரு காலையில் அதைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. கணுக்காலில் அழுந்தி, சதையில் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி மேலே எழும்பி வரவில்லை. ஈரக் களிமண்தான் அப்படி நிற்கும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் கிளேஸ் (சுட்ட மண்ணுக்குக் கண்ணாடிப் பளபளப்புத் தரும் பூச்சு) முக்கி எடுப்பது என் வேலை. மண் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். என் கால் மண்ணைப்போல நடந்துகொண்டதுதான் புதிது.

பல வருடம் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் சுருக்கிவிட்டிருந்தது. வலிக்கவே இல்லையே என்று பாண்டிச்சேரி மருத்துவரிடம் கேட்டேன். என்னைவிட இளைய பெண். "வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்களேம்மா" என்றார். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அதனால்தான் அழுகை வந்தது.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புதல்). அதை எங்கள் ஊரிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் இரத்தம் வெளியே வர ஒரு வாசல் வேண்டும். நல்ல வாசல் ஃபிஸ்டுலா (கையில் தமனியையும் சிரையையும் தைத்து இணைப்பது). என் இடது மணிக்கட்டில் செய்தது பத்தே நாளில் அடைத்துப்போனது. அதனால் வலது கழுத்தின் பெரிய சிரைக்குள் ஒரு குழாயைச் செருகி, மார்புத் தோலுக்கு அடியில் ஓட்டி, வெளியே இரண்டு வால்களாகத் தொங்கவிட்டார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது அப்படி ஒரு குழாய் இருந்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

சித்திரை வெயில். வியர்வையில் கட்டு ஓரமாகப் பிரிந்திருந்தது. குழாய் வெளியே வருகிற இடத்தில் காய்ந்த இரத்தப் பொடி. பட்டறையில் பொம்மையைக் கிளேஸில் முக்குவதற்கு முன்னால் ஈர ஸ்பாஞ்சால் தூசி துடைப்போம். துடைக்காவிட்டால் பூச்சு ஒட்டாமல் சூளையில் அந்த இடம் மொட்டையாக நின்றுவிடும். பதினெட்டு வருடப் பழக்கம். கை தானாகப் போனது. கொதித்து ஆறிய நீரில் புது ஸ்பாஞ்சை நனைத்து, சுற்றிலும் அழகாகத் துடைத்து, புதுக் கட்டை ஒட்டினேன். நன்றாக ஒட்டியது. பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் டயாலிசிஸ் நடுவில் குளிர் வந்தது. பல் கிடுகிடுத்தது. மூன்று போர்வை போதவில்லை. ஈரத்தோடு கிருமி உள்ளே போயிருந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்க் குழாயை எடுத்துவிட்டார்கள். மருத்துவர் அதைத் தட்டில் வைத்துக் காட்டினார். நுனியைச் சுற்றி வெளுத்த உறை, கெட்டியான பாலாடை போல.

"யாரும்மா தொடைக்கச் சொன்னது?"

"தூசி இருந்தா ஒட்டாதுங்க, டாக்டர்."

"ஒட்டக் கூடாதுன்னுதாம்மா நாங்க பாடுபடுறோம்."

பக்கத்தில் நின்ற என் கணவர் குமரவேல் ஸ்ரீமுஷ்ணம் தடத்தில் பஸ் ஓட்டுகிறவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு மருத்துவர் உட்கார்ந்து பேசினார். வலது பக்கச் சிரை சுருங்கிவிட்டது. இடது கழுத்து ஒன்றுதான் மிச்சம். வலது முழங்கைக்கு மேலே புது ஃபிஸ்டுலா செய்யலாம், என் சிரைகள் மெல்லியவை என்பதால் அது முதிர நான்கு மாதமாவது ஆகும். அதுவரை இடது கழுத்துக் குழாய் அடைக்காமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தொடையில்தான் குழாய். தொடையும் போனால் என்ன என்று நான் கேட்கவில்லை.

"புதுசா ஒரு குழாய் இருக்குது. இன்னும் எல்லா எடத்துக்கும் வரல. சம்மதம்னா போடலாம்."

அதன்மேல் சுவிட்டர் அயனிப் பலபடிப் பூச்சு (நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் சரிசமமாக நிற்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள்) இருக்கிறதாம். சாதாரணக் குழாயை இரத்தத்தில் வைத்த உடனேயே புரதம் அதன்மேல் படிகிறது. அந்தப் படிவின்மேல் இரத்தத் தட்டணுக்கள் (உறைதலைத் தொடங்கும் நுண் அணுக்கள்), அப்புறம் கிருமி. இந்தப் பூச்சு செய்வது ஒரே காரியம். தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. புரதம் வந்து பார்க்கிறது, எங்கும் தண்ணீர். உட்கார இடமில்லை, போய்விடுகிறது.

"எப்பவுமே அடைக்காதுங்களா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். கொறைவா அடைக்கும்னு நம்புறோம். நீங்க தொடைக்காம இருந்தா."

கையெழுத்துப் போட்டேன். காய்ச்சல் அடங்கியதும் இடது கழுத்தில் அந்தக் குழாயைப் போட்டு, வலது கையில் புது ஃபிஸ்டுலாவும் செய்தார்கள்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் குமரவேல் சொன்னார்: "இன்னாடி தனம், ஒனக்கு ஒரு நாளைக்கு முக்கா லிட்டருதான். ஒன் கொழாய்க்கு மட்டும் எந்நேரமும் தண்ணியாம்."

"பொறாமையா இருக்குதுங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உண்மையாகவே பொறாமையாக இருந்தது.

அந்த நான்கு மாதமும் நான் ஏங்கியது உயிருக்காக என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஏங்கியது தண்ணீருக்குத்தான். குடித்த நீர் வெளியேறாது என்பதால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், அதில் டீயும் ரசமும் அடக்கம். ஐஸ் துண்டை நாக்கில் வைத்து அது கரைகிற வரை யாரோடும் பேசாமல் இருப்பேன். ஆனால் குடிக்கிற ஏக்கத்தைவிடப் பெரியது இன்னொன்று: தலையில் ஊற்றிக்கொள்வது. கழுத்தில் குழாய் இருக்கும்வரை கூடாது. மார்பில் பிளாஸ்டிக் சுற்றி, என்னைப் பின்னால் சாய்த்து, கூந்தலை மட்டும் பக்கெட்டில் அலசிவிடுவார் குமரவேல். முதுகுக்கு ஈரத்துணி. உச்சியில் விழுந்து உள்ளங்கால் வரை ஒரே நீராக வழிவது இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ குளிக்கிற சத்தம் கேட்டால் வாசலுக்கு எழுந்து போய்விடுவேன். மழை பெய்தால் கதவைச் சாத்திவிட்டு, கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். குழாய் நிற்க வேண்டும், கை முதிர வேண்டும், நான் நனைய வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

கைக்குப் பயிற்சியாக ரப்பர் பந்தைப் பிசையச் சொல்லியிருந்தார்கள். பட்டறையிலிருந்து ஒரு உருண்டைக் களிமண் வாங்கி வந்து பிசைந்தேன். காய்ந்தால் மாற்றுவேன். பொம்மையைப் பிடித்து முக்குகிற கை அது. அதற்குத் தெரிந்த பொருளைக் கொடுத்தால் சீக்கிரம் முதிரும் என்று ஒரு நப்பாசை.

மூன்றாம் மாதம் ஒருநாள் இயந்திரம் கத்தியது. இரத்த ஓட்டம் குறைந்துகொண்டே போனது. இயந்திரத்தில் இறங்குகிற எண்ணைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது, இனி தொடை, மறுபடி முதலிலிருந்து. டெக்னீஷியன் பெண் வந்து என் முகவாயை மெதுவாக மறுபக்கம் திருப்பினாள்.

"கொழாய் மடங்கியிருக்குதுக்கா. அடைக்கல. ஜன்னலப் பாத்தே படுத்தா மடங்காம இன்னா செய்யும்?"

சத்தம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே முனிசிபாலிட்டி குழாயில் யாரோ குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் மாதம், கையில் ஊசி போட்டுத் தொடர்ந்து ஆறு முறை டயாலிசிஸ் ஒழுங்காக நடந்த பிறகு, குழாயை எடுத்தார்கள். காட்டச் சொன்னேன். ஒரு பக்கம் நூல்போல ஒரு சிவப்பு இழை, அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் மழமழவென்று இருந்தது. கையுறை கேட்டு வாங்கிக்கொண்டு தொட்டேன். மீனைப்போல வழுக்கியது. பூச்சு ஒட்ட வேண்டும் என்றே வாழ்ந்தவள் நான். எதையும் ஒட்டவிடாத பூச்சை விட்டுவிட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"போதும்மா, குடுங்க" என்றார் மருத்துவர்.

புண் ஆற இரண்டு வாரம். அப்புறம் ஒரு ஞாயிறு, காலை பதினோரு மணிக்குக் குளியலறைக்குள் போனேன். முதல் சொம்பு உச்சியில் விழுந்ததும் மூச்சு நின்று வந்தது. எத்தனை சொம்பு என்று தெரியாது.

"தனம், வூட்டுத் தொட்டி தீந்துடும்டி" என்று வெளியிலிருந்து அவர் குரல்.

"தீரட்டும்ங்க."

சிறுநீரகம் திரும்பி வரவில்லை, வரவும் வராது. வாரத்துக்கு மூன்று நாள் அங்கே, நான்கு நாள் இங்கே. என் வாரத்துக்குக் கிழமைப் பெயர்கள் இல்லை, ஊசி நாள், ஊசி இல்லாத நாள் என்று இரண்டே வகை. வலது கை பாரம் தூக்கக் கூடாது. முழங்கைக்கு மேலே தோலுக்கு அடியில் ஒரு அதிர்வு ஓயாமல் ஓடுகிறது. தூரத்தில் வருகிற ரயிலைத் தண்டவாளத்தில் தொட்டுப் பார்ப்பதுபோல் தினமும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஓடினால் அன்றைக்கு நான் இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் குளியலில் தண்ணீர் நெற்றியில் இறங்கி, மூக்கில் இறங்கி, உதட்டில் வந்து தயங்கியது. காலையிலேயே என் முக்கால் லிட்டரில் பாதி தீர்ந்திருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன். அது மோவாயில் சொட்டிக் கீழே போனது. அடுத்த சொம்பை மொண்டேன்.